எல்எம்ஜி-யில மேகசின் ஏன் மேல நிக்குது?

காட்பாடிக்காரன் | மே 4, இரவு 9.12

நேரா விஷயத்துக்கு வரேன். பிரென் எல்எம்ஜி, அதாவது வெள்ளைக்காரன் பட்டாளத்து லைட் மெஷின் கன், அதோட மேகசின் (தோட்டாப் பெட்டி) உடம்புக்கு மேல நட்டுக்கிட்டு நிக்குது. அதனால சைட்டை (குறி பாக்குற பாகம்) நடுவுல வைக்க முடியாம இடது பக்கம் ஒதுக்கிட்டாங்க. இடது தோள்ல வெச்சு சுட வழியே இல்ல. முன்னால பாக்குறதுல ஒரு பக்கம் பாதி மறைஞ்சுடும். பள்ளத்துல பதுங்கினாலும் மேகசின் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காக்காரன் பிஏஆர் துப்பாக்கியில கீழதான் வெச்சான். ரஷ்யாக்காரன் ஆர்பிகே-ல கீழதான் வெச்சான். செக் நாட்டுக்காரன் செஞ்ச கோளாறை வெள்ளைக்காரன் அப்படியே எடுத்துக்கிட்டான், நாம அதை 7.62 மி.மீ. தோட்டா மாடல் வரைக்கும் இழுத்துட்டு வந்தோம். டிசைன் கோளாறுன்னு நான் சொல்றேன். மறுக்குறவங்க மறுக்கலாம்.

பழைய ஆர்மரர் | மே 4, இரவு 9.40

தரையில குப்புறப் படு. முழங்கை ரெண்டும் மண்ணுல. தாடைக்கும் தரைக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னு பாரு தம்பி.

பழைய ஆர்மரர் | மே 4, இரவு 10.25

சரி, விவரமாவே சொல்லிடுறேன்.

எல்எம்ஜி படுத்துக்கிட்டு சுடுறதுக்குச் செஞ்ச ஆயுதம். ஆள் எவ்ளோ தாழ இருக்கானோ அவ்ளோ நல்லது. மேகசினைக் கீழ வெச்சா அதோட நீளம்தான் துப்பாக்கியோட உயரத்தை முடிவு பண்ணும். பிஏஆர்-ல 20 ரவுண்டுக்கு மேல போகாததுக்கு அதுவும் ஒரு காரணம். 20 ரவுண்டு ஒரு எல்எம்ஜி-க்குப் போதாது, நாலஞ்சு பர்ஸ்டுல (ஒரு அழுத்துல விடுற சின்னத் தொடர்) காலி.

மேகசினை மாத்துறதையும் பாரு. கீழ இருந்தா சுடுறவன் துப்பாக்கியைச் சாய்க்கணும், இல்லாட்டி மேல தூக்கணும். குறி போச்சு. மேல இருந்தா நம்பர் ஒன், அதாவது சுடுறவன், கன்னத்தை பட்-ல (தோள்ல வைக்கிற பின்கட்டை) இருந்து எடுக்கவே வேணாம். பக்கத்துல படுத்திருக்கிற நம்பர் டூ காலி மேகசினைக் கழட்டி அடுத்ததை மாட்டிடுவான். மாட்டும்போது முன்பக்கத்துக் கொக்கியை முதல்ல பொருத்தி, அப்புறம் பின்பக்கத்தை அழுத்தணும். "டக்"னு சத்தம் வரலைன்னா உக்காரலைன்னு அர்த்தம்.

சுட்ட கூடு கீழ்ப்பக்கமா விழும். நம்பர் டூ மூஞ்சியில சூடா தெறிக்காது. இந்தத் துப்பாக்கி ரெண்டு ஆளுக்குன்னு யோசிச்சுச் செஞ்சது. ஒத்த ஆளா வெச்சுப் பாத்தா நீ சொல்றது எல்லாமே கோளாறாத்தான் தெரியும்.

வேலப்பாடி வெங்கி | மே 4, இரவு 11.02

அண்ணே, ஆர்பிகே-ல 40 ரவுண்டு கீழதானே தொங்குது? அதுக்கு இன்னா சொல்றீங்க?

பழைய ஆர்மரர் | மே 5, காலை 6.30

ஆர்பிகே தோட்டா 7.62×39. குட்டை. அதுலயே 40 ரவுண்டு மேகசின் தரையில இடிக்கும். 75 ரவுண்டு டிரம்மும் கொடுத்தான். அதே ரஷ்யாக்காரன் பழைய நீளத் தோட்டாவுக்கு 1927-ல டிபி செஞ்சப்ப 47 ரவுண்டு தட்டை எங்க வெச்சான்? மேலதான்.

பிரென் தோட்டா .303. நீளம் 78 மி.மீ. அதைவிடப் பெரிய தொந்தரவு அதோட ரிம் (அடியில வெளிய நீட்டுற விளிம்பு). அதை ராத்திரி எழுதுறேன்.

குடியாத்தம் என்சிசி | மே 5, காலை 8.15

அவர் ரிம்முக்கு வர்றதுக்குள்ள வரலாற்றைச் சுருக்கமா வெச்சுடுறேன். காட்பாடிக்காரர் "செக்காரன் கோளாறு"ன்னு எழுதினது சரியில்ல, மேல் மேகசின் அவங்களுக்கு முன்னாலயே வந்தாச்சு.

டென்மார்க்குல மேட்சன் 1902-லயே மேல் மேகசினோட வந்தது. முதல் உலகப்போர்ல வெள்ளைக்காரன் வெச்சிருந்தது லூயிஸ், அதுவும் மேல 47 ரவுண்டு தட்டு. பிரெஞ்சுக்காரன் ஷோஷாவுல மட்டும் 20 ரவுண்டு மேகசின் கீழ. அதுலயும் எத்தனை ரவுண்டு மிச்சம்னு பாக்க மேகசின் பக்கத்துல ஓட்டை விட்டான். அகழிச் சேறு அது வழியாத்தான் உள்ள போச்சு.

பிரென்னோட மூலம் இசட்பி 26. பர்னோ ஊர்ல வாக்லாவ் ஹோலெக் வடிவமைச்சது. அது 7.92 தோட்டா, 20 ரவுண்டு நேர் மேகசின். லூயிஸுக்கு மாத்து தேடி வெள்ளைக்காரன் வெச்ச சோதனையில அது ஜெயிச்சது. .303-க்காக மாத்தி மாத்தி 30, 32, 33, 34-ன்னு இசட்ஜிபி மாடல்கள் வந்துச்சு. 1935-ல உரிமம் வாங்கினாங்க. என்ஃபீல்டுல முதல் துப்பாக்கி 1937 செப்டம்பர்ல வெளிய வந்தது, 1938-ல பட்டாளத்துக்குப் போச்சு.

நம்ம பக்கம் கதை வேற. பிரென் வர்றதுக்கு முன்னாலயே, 1933-ல, இந்தியப் பட்டாளம் விக்கர்ஸ்-பெர்தியேவை எடுத்துக்கிச்சு. இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில செஞ்சாங்க. அதுவும் .303, அதுவும் 30 ரவுண்டு, அதுவும் மேல் மேகசின். பழைய படங்கள்ல மேல வளைஞ்ச மேகசினைப் பாத்ததும் பிரென்னுன்னு எழுதிடுறாங்க. இந்தியப் பட்டாளத்துப் படம்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க.

வேலப்பாடி வெங்கி | மே 5, காலை 8.40

ஜப்பான்காரனை விட்டுட்டீங்க. டைப் 11, 1922. மேகசினே கிடையாது. பக்கத்துல ஒரு தொட்டி, ரைஃபிள்காரன் வெச்சிருக்கிற 5 ரவுண்டு கிளிப்பை அப்படியே 6 அடுக்கிடலாம். ஐடியா பிரமாதம், தனி மேகசின் தேவையே இல்ல. ஆனா தோட்டா உள்ள போறப்ப எண்ணெய் தடவித்தான் போகும். எண்ணெயும் தூசியும் சேந்தா என்ன ஆகும்னு நம்ம பாலாத்து மணல் பாத்தவங்களுக்குச் சொல்லணுமா? 1936-ல டைப் 96 வந்தப்ப அவனும் மேல் மேகசினுக்கே போயிட்டான்.

பழைய ஆர்மரர் | மே 5, இரவு 9.05

ரிம்.

.303 தோட்டாவோட அடியில ரிம் 13.7 மி.மீ. அதுக்கு முன்னால உடம்பு 11.7 மி.மீ. அங்கிருந்து தோள் வரைக்கும் சிறுத்துக்கிட்டே போய் 10.2 மி.மீ. ஆகுது. இதை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா பின்பக்கம் தடிமனாவும் முன்பக்கம் ஒல்லியாவும் ஏறும். அடுக்கு தானா வளையும். மேகசின் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கிறதுக்கு இதுதான் காரணம். இந்தத் தடிமனான, வளைஞ்ச அடுக்கைக் கீழ தொங்கவிட்டா நீளமும் போச்சு, வளைவும் தரையில மாட்டும். மேல வெச்சா ஸ்பிரிங்குக்குத் தோட்டாவோட எடையும் ஒத்தாசை.

மேகசின் நிரப்புறதுல ஒரே ஒரு விதிதான் உயிர். புதுசா வைக்கிற தோட்டாவோட ரிம், ஏற்கனவே வெச்ச தோட்டாவோட ரிம்முக்கு முன்னால உக்காரணும். மாறி பின்னால உக்காந்தா, போல்ட் அந்தத் தோட்டாவை முன்னால தள்ளும்போது அது அடுத்ததோட ரிம்ல மாட்டி அதையும் இழுக்கும். ரெண்டும் சிக்கி நின்னுடும். இது ஏற்பட்டா காக் பண்ணி (போல்ட்டைப் பின்னால இழுத்து), டிரிகர் அழுத்தி ஓட்ட முடியாது. மேகசினைக் கழட்டித்தான் ஆகணும். அந்த மேகசினை மறுபடி மாட்டாம ஓரமா போட்டுட்டு, பிறகு எல்லாத்தையும் கொட்டி புதுசா அடுக்கணும்.

அப்புறம் 30-ங்கிற கணக்கு. மேகசின்ல 30 போகும். ஆனா 28 தான் போடுவாங்க, சில இடத்துல 27. முழுசா அடைச்சா அடுக்கு இறுகி, மேல் தோட்டா நகர மறுக்கும், ஸ்பிரிங்கும் சீக்கிரம் சோர்ந்துடும். ஒரு இரும்புப் பெட்டிக்கு 12 மேகசின், அதாவது 336 ரவுண்டு.

காட்பாடிக்காரன் | மே 5, இரவு 9.31

ரிம் விஷயம் ஒத்துக்குறேன். ஆனா நீங்க சொல்றதுபடியே பாத்தா கோளாறு தோட்டாவுல. 7.62-க்கு மாறினப்புறமும் மேல வெச்சதுக்கு என்ன சாக்கு?

பழைய ஆர்மரர் | மே 5, இரவு 9.50

அதுக்கும் வருவோம். முதல்ல சூட்டைப் பத்திப் பேசணும். மேகசின் சண்டையை விட அது பெருசு.

ராணிப்பேட்டை லேத் | மே 6, மதியம் 1.20

குறுக்க வரேன். மெஷின் ஷாப் கண்ணுல பாத்தா பிரென்னோட முதல் மாடல் மார்க் 1 பாடி ஒரு தண்டனை. முழு எஃகுக் கட்டியை எடுத்து மில்லிங்லயே குடைஞ்சு வரணும், கட்டியோட பெரும்பகுதி சீவலா தரையில கிடக்கும். உள்ள ஸ்லைடு ஓடுற தடம், மேல போல்ட் பின்பக்கம் ஏறிப் பூட்டிக்கிற படி, முன்னால பேரல் நட்டோட தடை மரை, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு அளவு ஒத்திருக்கணும். முதல் கட்டர் தேய்மானத்துல கொஞ்சம் விட்டா பத்தாவது வேலையில தெரியும், அதுக்குள்ள பாதி நாள் கூலி போயிருக்கும்.

போர் தொடங்கினதும் இதுல கை வெச்சாங்க. மார்க் 2-ல டிரம் மாதிரி சுத்துற சைட் போய், மடக்குற லீஃப் சைட் வந்தது. மடங்குற காக்கிங் ஹேண்டில் மடங்காததாச்சு. உயரம் கூட்டிக் குறைக்கிற பைபாட்டோட (முன்பக்க ரெட்டைக் கால்) காலுக்குப் பதிலா ஒரே உயரக் கால். பட்-க்கு அடியில இருந்த கைப்பிடி, தோள் மேல போடுற பட்டை ரெண்டும் போச்சு. சுடுறதுல எந்தக் குறையும் வரலை. அப்போ முதல்ல எதுக்கு இருந்துச்சுன்னு கேக்காதீங்க, அமைதிக்கால டிசைனர்கிட்ட காசும் நேரமும் இருந்தா இப்படித்தான்.

எடை கணக்கு: மார்க் 1 சுமார் 10.1 கிலோ. மார்க் 2 சிக்கனமாச்சே தவிர எடை குறையலை, 10.5 கிலோ. 1944-ல வந்த மார்க் 3-லதான் 8.7 கிலோ ஆச்சு. பேரலும் 635-ல இருந்து 565 மி.மீ.

குடியாத்தம் என்சிசி | மே 6, மதியம் 2.05

கனடாவுல டொரண்டோ இங்கிலிஸ் கம்பெனி, ஆஸ்திரேலியாவுல லித்கோ, நம்ம இஷாப்பூர், மூணு இடத்துலயும் பிரென் செஞ்சாங்க. இங்கிலிஸ் சீனாவுக்காக 7.92-லயும் செஞ்சது. தோட்டா மூலத்துக்கே திரும்பிப் போயிடுச்சு.

பழைய ஆர்மரர் | மே 6, இரவு 8.45

சூடு.

வெங்கி மாதிரி ஆட்கள் "நிமிஷத்துக்கு 500 ரவுண்டு"ன்னு எழுதுவாங்க. அது உள்ள பாகம் ஓடுற வேகம். கையில வெச்சு சுடுற வேகம் வேற. சாதாரணமா நாலஞ்சு ரவுண்டு பர்ஸ்டா நிமிஷத்துக்கு ஒரு மேகசின். அவசரம்னா நிமிஷத்துக்கு நாலு மேகசின், சுமார் 120 ரவுண்டு. அந்த அவசர வேகத்துல 10 மேகசின் ஆனதும் பேரலை மாத்தணும். கணக்குப் போட்டா ரெண்டரை நிமிஷம்.

மாத்தாம விட்டா என்ன ஆகும்? முதல்ல குறி விரியும். அப்புறம் சேம்பருக்கு (தோட்டா உக்கார்ற அறை) முன்னால பேரலோட தொண்டை அரிக்கும், ரைஃப்ளிங் (பேரலுக்கு உள்ள இருக்கிற சுருள்) வரி அங்கதான் முதல்ல அழியும். அதுக்குப் பிறகு என்ன குளிர வெச்சாலும் அந்தப் பேரல் பழைய பேரல் இல்ல.

மாத்துறது இப்படி: துப்பாக்கி காக் ஆகி, போல்ட் பின்னால நிக்கணும். பேரல் நட்டோட நெம்புகோலைத் தூக்கித் திருப்பி, மரக் கைப்பிடியைப் பிடிச்சு பேரலை முன்னால எடுக்கணும். புதுசு உள்ள போகும், நட்டைத் திருப்பி அழுத்தணும். பழகின ரெண்டு பேர் பத்து செகண்டுக்குள்ள முடிச்சுடுவாங்க. சூட்டுப் பேரலைத் தொடவே வேணாம், தூக்கிட்டுப் போற கைப்பிடியே மாத்துற கைப்பிடி. கழட்டின பேரலைக் காஞ்ச புல்லுல மட்டும் வைக்காதீங்க.

இப்ப காட்பாடிக்காரன் கவனிக்கணும். பைபாட் எங்க மாட்டியிருக்கு? பேரல்ல இல்ல, கேஸ் சிலிண்டர் (சுட்ட மருந்தோட கேஸ் பிஸ்டனைத் தள்ளுற குழாய்) முனையில. அதனால பேரல் வெளிய வந்தாலும் துப்பாக்கி தன் கால்லயே நிக்கும். பிஏஆர்-ல பைபாட் பேரல் முனையில, பேரலை களத்துல மாத்துற வசதியே கிடையாது. ரெண்டையும் "எல்எம்ஜி"ன்னு ஒரே வரிசையில வைக்கிறதே தப்பு.

பேரலோட சேந்து வர்றது இன்னும் ரெண்டு: ஃபோர்சைட் (முன்பக்கக் குறி), கேஸ் ரெகுலேட்டர் (கேஸ் அளவை மாத்துற பாகம்). ஃபோர்சைட் பேரல்ல இருக்கிறதால ரெண்டு பேரலையும் அந்தத் துப்பாக்கிக்குத் தனித்தனியா ஜீரோ பண்ணணும் (குறியைச் சரிக்கட்டணும்). அடுத்த துப்பாக்கியோட ஸ்பேர் பேரலைக் கடன் வாங்கினா சுடும், குறி எங்க போகும்னு உத்தரவாதம் இல்ல.

வேலப்பாடி வெங்கி | மே 6, இரவு 9.10

என் பேரை எழுதுறதுக்கு முன்னால நான் எழுதுற வரைக்குமாவது காத்திருக்கலாம் அண்ணே.

சூடுன்னதும் ஒண்ணு கேக்கணும். அக்னி நட்சத்திரத்துல வேலூர்ல 42 டிகிரி. இங்க சுட்டா பேரல் இன்னும் சீக்கிரம் காயுமா?

பழைய ஆர்மரர் | மே 6, இரவு 9.38

பேரல் நூத்துக்கணக்கான டிகிரிக்குப் போகும்போது ஊரோட 42-ஐ யார் கண்டுக்குவா? வெயில் வேற வழியில விளையாடும். தோட்டாவை நேரடி வெயில்ல, இரும்புப் பெட்டியில வெச்சா உள்ள இருக்கிற மருந்து சூடேறி, வெடிக்கும்போது அழுத்தம் கூடும். வேகம் மாறும், குறியும் கொஞ்சம் ஏறும், பாகங்களும் கூடுதலா அடி வாங்கும். நிழல்ல வைக்கணும்கிறது அதனாலதான்.

இன்னொண்ணு எண்ணெய். காஞ்ச தூசிக் காத்து அடிக்கிற மாசத்துல பாகங்களை எண்ணெயில குளிப்பாட்டக் கூடாது. துணியால துடைச்ச மாதிரி மெல்லிசா இருந்தாப் போதும். கேஸ் சிலிண்டரும் பிஸ்டன் தலையும் காஞ்சு சுத்தமா இருக்கணும், அங்க எண்ணெய் விட்டா கரியாகி ஒட்டும். மேகசின் இல்லாத நேரத்துல அந்த வாயை மூடுற சறுக்கு மூடியை மூடி வைக்கணும். வானத்தைப் பாத்துத் திறந்த வாய், காத்துல வர்றது எல்லாம் நேரா உள்ள விழும். மேல் மேகசினுக்கு எதிரா இந்த வாதத்தை நீ சொல்லியிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன் தம்பி. சைட் இடது பக்கம் இருக்குங்கிறது ஒரு குறையா?

காட்பாடிக்காரன் | மே 6, இரவு 9.55

இனிமே சொல்றேன்: மேல வாய் திறந்து கிடக்குது, தூசி விழுது. ஒரு பாயிண்ட் எனக்கு.

பழைய ஆர்மரர் | மே 6, இரவு 9.57

அரை பாயிண்ட். மூடி இருக்கு.

ராணிப்பேட்டை லேத் | மே 7, காலை 7.10

கேஸ் விஷயத்தை விட்டுடாதீங்க. செக்காரன் டிசைன் வெள்ளைக்காரன் கைக்கு வந்தப்ப நடந்த பெரிய மாத்தம் அதுதான்.

இசட்பி 26-ல கேஸ் ஓட்டை பேரல் முனைக்குப் பக்கத்துல. .303-ல இருந்த கார்டைட் மருந்து அதிகக் கரி விட்டது, அவ்ளோ தூரத்துல இருந்து வர்ற கேஸ் சிலிண்டர்ல கரியை அப்பி ஓட்டத்தை நிறுத்திடுச்சு. அதனால ஓட்டையைப் பின்னால, சேம்பர் பக்கமா நகர்த்தினாங்க. அங்க கேஸ் சூடாவும் அழுத்தமாவும் இருக்கும், கரி தங்காது. சிலிண்டரும் குட்டையாச்சு. பேரல் மேல இருந்த குளிர்விக்கிற வரிகளையும் எடுத்துட்டாங்க. மாத்துற பேரல் இருக்கும்போது அந்த வரிகளைக் கடையறது வீண் வேலை.

அழுத்தமான இடத்துல ஓட்டை வெச்சா உதை கூடும் இல்லையா? அதுக்குத்தான் உள்ள பாகம் மட்டும் இல்லாம, பாடி, பேரல், சிலிண்டர் எல்லாம் சேந்து பட் மேல கொஞ்சம் பின்னால சறுக்கும், பஃபர் அந்த அடியை வாங்கும். படுத்து சுடுறவன் தோளுக்கு வர்றது மிச்சம்தான். .303 சுட்டும் பிரென் மெத்துன்னு இருக்குன்னு சொல்றதுக்கு 10 கிலோ எடை பாதிக் காரணம், இந்தச் சறுக்கல் மீதி.

பழைய ஆர்மரர் | மே 7, இரவு 9.20

லேத் தம்பி சரியா எழுதியிருக்கார். நான் ரெகுலேட்டரை மட்டும் சேத்துடுறேன்.

நாலு ஓட்டை, சின்னதுல இருந்து பெருசு வரைக்கும். வழக்கமா 2-ல நிக்கும். துப்பாக்கி ரெண்டு மூணு ரவுண்டு சுட்டு நின்னா முதல் வேலை ரெகுலேட்டர் இல்ல. காக் பண்ணு, மேகசினைக் கழட்டு, டிரிகரை அழுத்து, மேகசினை மாத்து, காக் பண்ணு, சுடு. பெரும்பாலும் மேகசின்தான் குத்தவாளி. மறுபடியும் கொஞ்ச ரவுண்டுலயே நின்னா, அப்ப கேஸ் பத்தலை: அடுத்த பெரிய ஓட்டை.

அவசரத்துக்கு இதைவிட நல்ல வழி ஒண்ணு உண்டு. ரெகுலேட்டர் பேரலோட வருதுன்னு சொன்னேனே? பேரலை மாத்திட்டா சுத்தமான ஓட்டையும் கூடவே வந்துடுது. கரி அப்பின ரெகுலேட்டரைப் பிறகு நிதானமா சுரண்டலாம்.

சிலர் "எதுக்கு வம்பு"ன்னு முதல்லயே 4-ல வெச்சுடுவாங்க. ஓடும். ஆனா பிஸ்டன் பின்னால போய் முழு வேகத்துல இடிக்கும். சுடும் வேகம் கூடும், குறி குலுங்கும், எக்ஸ்ட்ராக்டர் (காலிக் கூட்டை இழுக்கிற கொக்கி), ஸ்பிரிங், பஃபர் எல்லாம் ஆயுசுக்கு முன்னாலயே போகும். ஒர்க்ஷாப்புக்கு வர்ற உடைசல்ல இதுக்கு ஒரு பங்கு உண்டு.

குடியாத்தம் என்சிசி | மே 7, இரவு 9.48

கழட்டுற வரிசையையும் போட்டுடுவோம், பிள்ளைங்க கேக்குறாங்க: பிஸ்டன், பேரல், பட், பாடி, பைபாட் என்று அஞ்சு குரூப். மேகசின் எடுத்து, சேம்பர் காலின்னு பாத்த பிறகுதான் கை வைக்கணும். பாடி லாக்கிங் பின்னை இழுத்து பட்-ஐப் பின்னால நகர்த்தினா பிஸ்டன் குரூப் பின்பக்கமா வெளிய வரும். எந்தக் கருவியும் தேவையில்ல.

ஒரு சந்தேகம் எனக்கும். "பிரென் ரொம்பத் துல்லியம், அதனாலயே எல்எம்ஜி-க்கு ஆகாது, தோட்டா எல்லாம் ஒரே இடத்துல விழும்"னு ஊரெல்லாம் பேசுறாங்களே?

வேலப்பாடி வெங்கி | மே 7, இரவு 10.15

இதை விக்கர்ஸ், எம்ஜி 42 மாதிரி பரப்பிச் சுடுற துப்பாக்கியோட குழப்பிக்கிட்டுப் பேசுறாங்க சார். தோட்டா கோத்த பெல்ட் வெச்சு, நிமிஷத்துக்கு 1200 ஓடுற எம்ஜி 42-க்கு ஒரு இடத்தை நனைக்கிறது வேலை. ஜெர்மன்காரன் செக்ஷனே (சின்னச் சண்டைக் குழு) அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா தூக்கத்தான். பிரென் செக்ஷன்ல 10 பேர், மூணு பேர் துப்பாக்கிகிட்ட, மீதிப் பேரு ரைஃபிளோட முன்னேறணும். அவங்க தலை பக்கத்துல தோட்டா போகும்போது அது சொன்ன இடத்துல போறது குறையா? பரப்பணும்னா கையைக் கொஞ்சம் அசைச்சாப் போதும். சிதறுற துப்பாக்கியை யாராலயும் குவிக்க முடியாது.

பர்மா காட்டுல இருபது முப்பது கஜத்துல எதிரி. அங்க பெல்ட் கொடியில மாட்டும், சேத்துல புரளும். மேகசின் மாட்டாது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரங்க அங்க தூக்கினது இதைத்தான்.

பழைய ஆர்மரர் | மே 8, இரவு 8.30

காட்பாடிக்காரனுக்குப் பாக்கி வெச்ச பதில்: 7.62-லயும் ஏன் மேல?

7.62×51-ல ரிம் வெளிய நீட்டாது. அடியில 11.9, தோள்ல 11.5 மி.மீ. கிட்டத்தட்ட நேர் உருளை. அதனால மேகசின் வளைவு குறைஞ்சு கிட்டத்தட்ட நேராகிடுச்சு. வெள்ளைக்காரன் பிரென்னை 7.62-க்கு எல் 4-ன்னு மாத்தினப்ப பழைய பாடியை வெச்சே பேரல், போல்ட், மேகசின் வழி இதுகளை மட்டும் மாத்தினான். எஜெக்‌ஷன் கீழ, ஸ்லைடு கீழ, ஊட்டுற வழி மேல. மேகசினைக் கீழ கொண்டுவரணும்னா அது புது துப்பாக்கி. கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரியில வந்த நம்ம 7.62 எல்எம்ஜி 1பி-யும் அந்தக் குடும்பம்தான்.

எல் 4-ல ரெண்டு நல்லது உண்டு. பின்னால வந்த மாடல்ல பேரலுக்கு உள்ள குரோம் பூசினாங்க, அரிப்பு குறைஞ்சது, ஸ்பேர் பேரலே கொடுக்காம ஓட்டினாங்க. அப்புறம் எஸ்எல்ஆர் ரைஃபிளோட 20 ரவுண்டு மேகசினும் அதுல மேல மாட்டும், நெருக்கடியில உதவும். எதிர்ப்பக்கமா, எல் 4 மேகசினை எஸ்எல்ஆர்-ல கீழ மாட்டினா நம்ப முடியாது. மேல இருந்து விழுற எடையை நம்பிச் செஞ்ச ஸ்பிரிங், கீழ இருந்து 30 ரவுண்டைத் தூக்கணும்னா மூச்சு வாங்கும்.

காட்பாடிக்காரன் | மே 8, இரவு 9.02

அப்போ கோளாறுன்னு சொன்னதை "அந்தக் காலத்துக்குச் சரி"ன்னு மாத்திக்குறேன், அதுக்கு மேல இறங்க மாட்டேன். ஏன்னா இன்சாஸ் எல்எம்ஜி-யில மேகசின் கீழதான். 2020 மார்ச்சுல 880 கோடிக்கு 16,479 இஸ்ரேலிய நெகேவ் துப்பாக்கி வாங்க ஒப்பந்தம் போட்டாங்களே, அதுல பெல்ட். மேல யாரும் திரும்பிப் போகலை.

ராணிப்பேட்டை லேத் | மே 8, இரவு 9.30

இன்சாஸ் 5.56. ஒரு ரவுண்டு 12 கிராம். 7.62 அதுக்கு ரெண்டு மடங்கு, சுமார் 24 கிராம். தோட்டா சின்னதானா 30 ரவுண்டும் கீழ அடங்கும், தரையில இடிக்காது. ரைஃபிளையே நீட்டி, பேரலைத் தடிமனாக்கி, பைபாட் வெச்சது அது. உதிரி பாகம் பெரும்பாலும் ரைஃபிளோட பொது. தொழிற்சாலைக்கு லாபம், சூட்டுக்குத் தொந்தரவு.

நெகேவ் மறுபடி 7.62. பெல்ட், மாத்துற பேரல், எடை 8 கிலோவுக்குள்ள. ஒத்த ரவுண்டும் சுடலாம், பெல்ட் துப்பாக்கியில அது அபூர்வம். ஆனா 100 ரவுண்டுன்னா தோட்டா மட்டுமே 2.4 கிலோ, இணைக்கிற கண்ணிகளும் பையும் சேந்தா 3 கிலோவை நெருங்கும். துப்பாக்கியில மிச்சம் பிடிச்ச எடையைப் பெல்ட் திரும்ப வாங்கிக்கும்.

பழைய ஆர்மரர் | மே 8, இரவு 10.05

பெல்ட் துப்பாக்கியில கவர் திறந்து பெல்ட்டைப் போடணும். படுத்த நிலையில, இருட்டுல, ஈரக் கையில. பெல்ட்டோட முதல் ரவுண்டு தட்டுல சரியா உக்காரலைன்னா கவர் மூடினாலும் சுடாது. மேகசின்ல அந்த வேலை ஓய்வா இருக்கும்போதே முடிஞ்சுடும், தப்பு இருந்தா அங்கயே திருத்திக்கலாம். எதை எங்க சிரமப்படணும்னு தேர்ந்தெடுக்கிறதுதான் வித்தியாசம். தொடர்ந்து சுடணும்னா பெல்ட், நடந்துக்கிட்டே போகணும்னா மேகசின். ரெண்டும் ஒண்ணுலயே வேணும்னு கேட்டுத்தான் பல துப்பாக்கி கெட்டுது.

குடியாத்தம் என்சிசி | மே 9, காலை 7.45

ஒரு செக்ஷன்ல ரைஃபிள்காரர்கள் ஆளுக்கு ரெண்டு பிரென் மேகசின் தூக்குவாங்க, 1937 மாடல் இடுப்புப் பையை அந்த மேகசின் அளவுக்கே தைச்சாங்க. இதைச் சேக்காம எடைக் கணக்குப் போட்டா தப்பா வரும். பெல்ட்டை அப்படிப் பத்து பேருக்குப் பிரிக்கலாம்தான், ஆனா கூட்டி இணைக்க ஒருத்தன் உக்காரணும்.

வேலப்பாடி வெங்கி | மே 9, காலை 8.20

28 ரவுண்டு × 25 கிராம், 700 கிராம். தகரப் பெட்டியும் சேந்தா ஒரு மேகசின் ஒரு கிலோவுக்கு மேல. ஆளுக்கு ரெண்டுன்னா ரெண்டரை கிலோ, அதுவும் தன் துப்பாக்கிக்கு இல்லாம அடுத்தவன் துப்பாக்கிக்கு. பட்டாளத்துக்காரங்க ஊரான கம்மவான்பேட்டைப் பெரியவங்க யாராவது இருந்தா, பையில வலது பக்கம் வெச்சாங்களா இடது பக்கமான்னு சொல்லுங்க, குப்புறப் படுக்கும்போது எது குத்தும்னு தெரிஞ்சுக்கணும்.

பழைய ஆர்மரர் | மே 9, காலை 8.41

ரெண்டு பக்கமும் குத்தும்.